ஏழாம் நிரல்

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகிற பாதை
நடு வாவியில் நின்றுவிட்டது.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஓட்டோ,
தயிர்ச் சட்டிகளோடு ஆதம்பாவா,
குடிசன மதிப்புப் படிவங்களோடு நான்.

எஞ்சின் மூடியைத் திறந்துகொண்டிருந்தவர் கதிராமத்தம்பி.
மூன்று தரம் வீடு தேடிப் போயும் அகப்படாத ஆள்.
சுற்றிவரத் தண்ணீர்; இனி எங்கே போவார்?

பெயர், வயது, தொழில் எல்லாம் வந்தது.
ஏழாம் நிரல்: சமயம்.
"ஒண்டும் இல்லையெண்டு எழுது புள்ள."
பெயரில் கதிர்காமத்தை வைத்துக்கொண்டா, என்றேன்.
"அது அப்பா வைச்ச நேத்தி. கடன் அவருக்கு."

ஆதம்பாவா சிரித்தார்:
"எந்தச் சாமி இல்லையெண்டு கேளுங்க மிஸ்."

பகிடி என்றுதான் நினைத்தேன்.
கதிராமத்தம்பியோ வடிகட்டியை டீசலில் அலசியபடி
நிதானமாக யோசித்தார்,
இருப்பில் இல்லாத சாமான்களைக்
கடைக்காரன் நினைவெடுப்பது போல.

"சோதனை மறுமொழியைத் திருத்துற சாமி இல்ல.
போடியார்ர வயலுக்கு மட்டும் மழை பெய்விக்கிற சாமி இல்ல.
மேல குந்திக்கொண்டு நம்மளப் பாத்திட்டிரிக்கிற ஆள்...
அவரும் இல்ல."

"ஆளெண்டு ஒருத்தரை நானும் நம்புறல்லையே அண்ணன்.
அவனைப் போல ஒண்டுமே இல்லையெண்டுதான் நாங்க ஓதுற.
நீங்க மறுக்கிறது என்ட அல்லாஹ்வை இல்ல,
உங்கட வீட்டுக் கலண்டர் படத்தை."

ஹெல்மட்டைக் கழற்றாமலே ஒரு பெண் சொன்னாள்,
தனக்குச் சாமியென்றால் மனச்சாட்சிதான் என்று.

அப்போதுதான் அவருக்குச் சூடேறியது.
"மனச்சாட்சிக்கு மனச்சாட்சியெண்டு பேர் இரிக்கே புள்ள,
அதுக்கேன் இன்னொரு பேர்?
என்னையும் உள்ள இழுத்துப் போடத்தானே?
வலையை அகலமாக்கி அகலமாக்கிக்
கடைசியில வாவியையே மீனெண்டு சொல்லுவீங்க."

கோபமா அண்ணன், சாமியோட?

"கோவம் என்ட பொஞ்சாதிக்கு.
பிள்ளை செத்த வருசத்திலயிருந்து
கண்ணகையம்மனோட அவளுக்குக் கதைபேச்சில்ல.
குளிர்த்திக்குப் போறல்ல,
கோயில் ஒழுங்கையால நடக்கிறதுமில்ல.
எங்கட வீட்டில அவள்தான் பக்தை.
கோவிக்க ஒரு ஆள் வேணுமே.
எனக்கு அதுவுமில்ல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பாதையின் அடியில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது.

அக்கரையில் கோயில் மரங்கள் தெரிந்தன.
அங்கே வாயைத் துணியால் கட்டிக்கொண்டு
திரைக்குள் போவார் கப்புகனார்.
வெளியே நிற்கிறவர்களுக்குத் திரை திறப்பதில்லை.
உள்ளே இன்னது என்று எங்கள் வீட்டில்
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் அந்தப் பக்கம் பேனையை நீட்டினேன்.
அதுவும் இல்லையா?

அவர் கை நின்றது.
"அது என்னெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்லையே.
சொல்லாத சாமானை எப்பிடிகா இல்லையெண்டுற?"
வடிகட்டியைத் திருகிப் பூட்டிவிட்டுச் சொன்னார்:
"நம்புறனெண்டு மறுகா எழுதிப்போடாத."

எஞ்சின் இருமியது, பிடித்தது.
யாரோ முருகா என்றார்கள்.
அவர் எவரையும் திருத்தவில்லை.
சாரன் நுனியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

என் படிவத்தில் இருந்தது ஆறு இலக்கம்.
கடைசி இலக்கம்: வேறு.
அதை எழுதினேன்.
எதிலிருந்து வேறு என்று கேட்கப்
படிவத்தில் இடமில்லை.

மண்டூர்த் துறையில் இறங்கி
வெயிலில் நடக்கும்போது நினைவு வந்தது,
போன கிழமையே என் வீட்டுக்கும் நிரப்பிவிட்டிருந்தேன்.
ஐந்து பேருக்கும் ஒரே இலக்கம்,
மேலிருந்து கீழே, ஒரே மூச்சில்,
ஒருத்தரையும் கேட்காமல்.

என்னையும்.